ஆவுடையப்பனை வலம் வந்த மலை

பொதிகுன்றத்து மலை முதல் தடவையாக எழுந்து நடந்தபோது காலை மணி ஐந்து நாற்பது. இதை இவ்வளவு கறாராக நான் சொல்லக் காரணம் இருக்கிறது. மேலக்குடிக்குப் போகிற முதல் டவுன் பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்து, எதிரே மலை வருவதைப் பார்த்து, இரண்டு தடவை ஹாரன் அடித்து, பயனில்லை என்று தெரிந்து ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, டிரைவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்ட நேரம் அது. முப்பத்தோரு வருஷத்தில் அந்த பஸ் தாமதமாகப் போனது அன்றைக்குத்தான். மலை தன் புதர்களையெல்லாம் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஆறு கடக்கிற பெண்பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து, ஊருக்கு வெளியே ஓடுகிற சுற்றுச்சாலை வழியாக, முறைப்படி வலமாகவே ஒரு சுற்று வந்து, ஏழு பத்துக்குத் தன் குழியில் திரும்ப உட்கார்ந்தது. மேலே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மலை ஊரைச் சுற்றியது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது விவரம் தெரியாத பேச்சு. மலை சுற்றியது ஆவுடையப்பனை. அவர் வீடு நட்ட நடு ஊரில், தெற்கு ரத வீதியில் இருந்தது. அந்தச் சந்துக்குள் மாட்டுவண்டியே நுழையாது, மலை எப்படி நுழையும்? அதனால் அவரோடு சேர்த்து மொத்த ஊரையும் சுற்ற வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் யாரென்றால், எங்கள் பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று முப்பத்தோரு வருஷம் சொன்னவர். அவர் குரலைக் கேட்டுத்தான் ஊரில் பெண்கள் உலை வைத்தார்கள், ஆண்கள் சவரம் செய்தார்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள். அவர் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் டிரைவர்கள் வாயில் வைத்த வடையை மெல்லாமல் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். "காலி வண்டின்னாலும் நேரம் நேரம்தான்வே! அடுத்த நிறுத்தத்துல எவனாவது நிப்பான், எடும் வண்டிய!" என்று மைக்கை அணைக்க மறந்து அவர் திட்டுவது கடைத்தெரு முழுக்கக் கேட்கும். ஆனால் ஊரையெல்லாம் கிளப்பிவிட்ட அந்த மனிதர் ஒரு நாளும் ஒரு பஸ்ஸிலும் ஏறியது கிடையாது. உட்கார்ந்தே இருந்தார். ஓய்வு பெற்ற அன்று நிலையத்துக்காரர்கள் அந்த நாற்காலியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அதையும் யாரோ தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவர் வீட்டு நடையில் அதைப் போட்டு மறுபடி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடத்திலேயே சர்க்கரை வந்தது, ரத்தக்கொதிப்பு வந்தது. ஒரு நாள் டாக்டர் ஜெபக்கனி அவருடைய கால் பெருவிரலில் ஊசியால் குத்திவிட்டு, "குத்தினது தெரியுதா ஐயா?" என்று கேட்டார். "எப்ப குத்துனீங்க?" என்றார் ஆவுடையப்பன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தினமும் நடக்கணும் ஐயா. கைகால வீசி நடக்கணும். இல்லேன்னா இந்தக் காலு உங்களோட ரொம்ப நாள் இருக்காது."

அவர் மனைவி பிரமு அங்கேயே, ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்தே, நேர்ந்துகொண்டாள்: இவர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள் விடாமல் மலையைச் சுற்றி வருவார் என்று. எங்கள் மலை என்பது அந்தக் காலத்தில் யாரோ ஒரு ராட்சத உப்பு வியாபாரி தோள் வலித்து இறக்கிவைத்த பொதி. அதைச் சுற்றினால் சுற்றுகிறவன் பாரமும் இறங்கும் என்பது ஊர் வழக்கம். சுற்று ஐந்து கிலோமீட்டர். இடையில் ஒரு நாள் விட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

ஆவுடையப்பன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நாலாம் நாள் உட்கார்ந்தார். திரும்ப ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப நாலாம் நாள் நாற்காலி. தை மாதம் தொடங்கி ஆனி வரைக்கும் அவர் மூன்றைத் தாண்டவே இல்லை. நாலு என்ற எண்ணையே அவர் மறந்துவிட்டதாகக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தார். எங்கள் ஊர் நேர்த்தியில் ஆள்மாற்று உண்டு. முடியாதவனுக்குப் பதிலாக இன்னொருத்தர் சுற்றலாம். ஒரு வெற்றிலையை எதிரே வைத்து, "எனக்குப் பதிலா நீ சுத்துவியா?" என்று கேட்க வேண்டும், மாற்றாள் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம். நடந்தவருக்குப் பலன் கிடையாது, யார் பேருக்கு நேர்ந்ததோ அவருக்குத்தான் போய்ச்சேரும். பிரமுவுக்கோ முழங்கால் வீக்கம். மைத்துனன் துபாயில். ஒரு ஆனி மாதத்து மத்தியானம், நாலாம் நாள் எரிச்சலில், ஆவுடையப்பன் ஜன்னல் வழியாகத் தெரிந்த மலைக்கு எதிரே ஒரு வெற்றிலையை வைத்துக் கேட்டார்:

"நானே எத்தன நாளு உன்னச் சுத்துவேன்? எனக்குப் பதிலா நீ என்னச் சுத்துவியா?"

மலை வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டது. ஒத்துக்கொண்ட வேலையை மறுநாளும் செய்தது, அதற்கு மறுநாளும். நாலாம் நாளும்.

ஊர் இதற்குப் பழக இரண்டு வாரம் ஆயிற்று என்று சொன்னால் அதிகம். முதலில் சண்டைதான்: கிழக்கே பாறையில் மிளகாய் காயப்போட்டவளுக்கு அது மேற்கே கிடைத்தது, மேற்கே கோவணம் காயப்போட்டவருக்கு அது கிடைக்கவே இல்லை. பிறகு வசதிகள் தெரிய ஆரம்பித்தன. மலை நிழல் வரிசையாக ஒவ்வொரு தெருவுக்கும் வந்ததால் வடக்குத் தெருக்காரர்கள் அரைமணி கூடத் தூங்கினார்கள். அடிவாரத்து டீக்கடை பெஞ்சோடும் பாய்லரோடும் மலையோடேயே போனது. கிழக்கே ஏறி உட்கார்ந்து ஒரு டீ சொன்னவன் அதைக் குடித்து முடிக்கும்போது மேற்கே சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினான். பேரூராட்சியிலிருந்து வேகத்தடை போட்டார்கள். மலை அதை மரியாதையாகத் தாண்டிப் போயிற்று. வருவாய்த்துறை ஆள் ஒருவர் வந்து, மலை இனிமேல் எந்தச் சர்வே எண்ணில் குடியிருக்கிறது என்று எழுத்துமூலம் கேட்டு, பதில் வருமென்று டீக்கடையில் காத்திருந்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். பஸ்தான் போச்சு. மலை மிதித்து மிதித்து மேலக்குடிச் சாலை வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டதால் ஐந்து நாற்பது வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் தினமும் நடந்தால் யாராக இருந்தாலும் இளைக்கத்தானே செய்வார்கள்? மலை இளைத்தது. பத்தாம் நாள் அதன் இடுப்பில் மடிப்பு விழுந்தது. இருபதாம் நாள் அதற்குப் பின்னால் எங்கள் தலைமுறையில் யாரும் ஊரிலிருந்து பார்த்திராத காற்றாலைகள் தெரிந்தன. ஊர் குடிக்கிற சுனை ஒரு விரல் இறங்கிற்று, பிறகு ஒரு சாண்.

இளைத்தது எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. தெற்கு ரத வீதியில்தான் எல்லோரும் பார்த்தார்களே. ஆவுடையப்பனின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து எதிர்வீட்டுச் சுவரில் பதிந்தன. நாற்காலி அவருக்குள் போய்விட்டது. முழங்கை மடிப்பில் அறுகம்புல் முளைத்தது. தோளில் ஒரு மைனா குடும்பம் குடியேறியது. மலையில் புல் பற்றாத வெள்ளாடு ஒன்று சந்துக்குள் புகுந்து அவர் மேல் ஏறி நின்று, நிம்மதியாக மேயத் தொடங்கியது. இடது காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஊற்று. பிரமு அதை முந்தானையால் ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுனைத் தண்ணீரின் அதே இனிப்பு.

வருவாய்த்துறையிலிருந்து வந்த சர்வேக்காரர் மலையை அளந்தார், டாக்டர் ஜெபக்கனி ஆவுடையப்பனை அளந்தார், இரண்டு பேரும் டீக்கடையில் காகிதங்களை ஒட்ட வைத்துப் பார்த்தார்கள். கணக்கு தெளிவாக இருந்தது. இன்னும் நாற்பது நாளில் மலை இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது; பிரமுவின் வீடு இருந்த இடத்தில் ஒரு மலை இருக்கும்.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? அவரை நடக்கவைக்க என்னென்ன உண்டோ எல்லாம் செய்து பார்த்தார்கள். நையாண்டி மேளம் வைத்துக் கூட்டிப் போனார்கள். மூன்று நாள் நடந்தார். அழுகிப்போன கால்களின் படங்களைச் சுவரெல்லாம் ஒட்டிப் பயம் காட்டினார்கள், மூன்று நாள். பேரூராட்சித் தலைவி பொன்னாடை போர்த்தினார். அது ஒரு தோளுக்கே போதவில்லை, இருந்தாலும் மூன்று நாள். துபாய் மைத்துனன், நடக்கிற அடிகளையெல்லாம் எண்ணுகிற கைக்கடிகாரம் ஒன்று அனுப்பினான். அவர் அதை வெள்ளாட்டின் கழுத்தில் கட்டிவிட்டார். ஆடு முதல் நாளே இருபத்திரண்டாயிரம் அடி நடந்து, துபாயிலிருந்து "சபாஷ் அத்தான்!" என்று வாழ்த்து வந்தது.

"எல்லாரும் எனக்காகத்தான் சொல்லுதாங்க," என்றார் ஆவுடையப்பன் ஒரு நாள் பிரமுவிடம். குரல் மட்டும் பழைய குரலாகவே இருந்தது. "எனக்கும் தெரியுது. நாலாம் நாள் காலம்பற முழிச்சா, எதுக்குன்னுதான் தெரிய மாட்டேங்கு." பிறகு, "பிரமு, என் காலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலட்டி," என்றார்.

"இங்கதான் இருக்கு," என்று அவள் குனிந்து அவர் பாதத்தைத் தட்டினாள். "இங்க. இந்தா." அவருக்குத் தெரியவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு கீரைக்கூடை தொம்மென்று இறங்கியது. மைதீன் பாத்து வந்திருந்தாள். முப்பத்தோரு வருஷமும் ஐந்து நாற்பது வண்டியில் முதல் ஆளாக ஏறி மேலக்குடியில் கீரை விற்றவள். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு அண்ணாச்சி, நல்லாருக்கு! நீங்க உக்காந்து மேய்ச்சலுக்கு இடம் குடுக்கீங்க. உங்க மலையால எம் பஸ்ஸு போச்சு. மேலக்குடிக்காரி அத்தன பேரும் கீரையில்லாம பருப்பு கடையுதாளுவ. எனக்கு ஒத்தையில அந்தக் காட்டுப்பாதையில நடக்கப் பயமாருக்கு. இப்பக் கேக்கேன், சொல்லுங்க: மேலக்குடிக்கு வண்டி எத்தன மணிக்கு?"

அந்தக் கேள்வியை அவள் அவரிடம் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்! ஆவுடையப்பன் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அஞ்சு நாப்பதுக்கு."

"எந்த பிளாட்பாரம்?"

"ரெண்டு."

"அப்ப சரி," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது அவள் வாசலில் இருந்தாள். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை என்று கூடை நிறைந்து, இரண்டாவது பிளாட்பாரம் என்று தானே முடிவுசெய்த படிக்கட்டில். மணி ஐந்து முப்பத்தைந்து.

"ஏம்மா பாத்து," என்றார் ஆவுடையப்பன் உள்ளிருந்து, "நான் நேத்து ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்..."

"முப்பத்தோரு வருசத்துல உங்க வாய் ஒரு தடவ தவறிருக்கா அண்ணாச்சி?"

தூரத்தில் மலை எழுந்திருக்கிற சத்தம் கேட்டது: முதலில் அதன் கிழக்கு ஓரம், பிறகு பறவைகள் கலைகிற சத்தம். மணி ஐந்து முப்பத்தெட்டு. ஆவுடையப்பனின் கை, தான் மலையாகிக்கொண்டிருப்பதை மறந்து, இல்லாத மைக்கைத் தேடிற்று. தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் நாலு தெரு முழித்துக்கொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பொதிகுன்றத்திலிருந்து ஊத்தடி, கருப்பன் கோயில், மேலக்குடி வழியாகப் பொதிகுன்றம் வரை செல்லும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படும்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்ன செய்ய முடியும்? ஐந்து நாற்பதுக்கு அவர் எழுந்தார். நாற்காலி அவருக்குள்ளிருந்து நாலு துண்டாக விழுந்தது, நிலைப்படி இரண்டு பக்கமும் விரிந்து வழிவிட்டது, மைனாக்கள் கத்தின. பாதி எழுந்திருந்த மலை இதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப உட்கார்ந்தது.

முதல் நாள் அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் தெருவில் பாத்திரங்கள் உருண்டன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, பேர் சொல்லி அறிவித்து, மூச்சு வாங்கினார். "இன்ஜின்ல புகை வருது அண்ணாச்சி," என்றாள் பாத்து. "பேசாம வாட்டி, டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குல்லா," என்றார் அவர். மலைக்கு அந்தப் பக்கத்து மேலக்குடியில் கீரை அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் விற்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாம் நாள் படிக்கட்டில் யாரும் இல்லை. பாத்து மகள் வீட்டு விசேஷத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தாள். ஆவுடையப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதி வந்ததை அவரே பின்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார். நாற்காலி இல்லாததால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிரமு அடுப்படி வாசலில் நின்றாள்; ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் அவளுக்காக நடந்ததாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மலையின் கிழக்கு ஓரம் மெதுவாக எழும்பியது. ஐந்து முப்பத்தெட்டு. ஐந்து முப்பத்தொன்பது.

அப்போது அவருக்கு ஒரு குரல் கேட்டது. மைக்கை அணைக்க மறந்து யாரோ திட்டுகிற குரல். காலி வண்டின்னாலும் நேரம் நேரம்தான்வே. அடுத்த நிறுத்தத்துல எவனாவது நிப்பான். எடும் வண்டிய.

அது யார் குரல் என்று தெரியாமல் இருக்குமா?

ஐந்து நாற்பதுக்கு ஆவுடையப்பன் தன்னந்தனியாக வாசலைத் தாண்டினார். காலித் தெருவில், காலி அடிவாரத்தில், ஒரு ஈ காக்கை கேட்காவிட்டாலும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் முழுசாக அறிவித்துக்கொண்டே போனார். ஊத்தடியில் யாரும் இல்லை. கருப்பன் கோயில் வளைவில், வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு டாக்டர் ஜெபக்கனி நின்றிருந்தார்.

"ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா ஐயா?" என்றார் கூச்சத்தோடு. "ஊரையெல்லாம் நடங்க நடங்கன்னு சொல்லிட்டு இருபது வருசமா நானும் உக்காந்தேதான் இருக்கேன்."

"நிறைய காலி இருக்கு, உள்ள வாங்க, உள்ள வாங்க," என்றார் ஆவுடையப்பன். அன்றைக்கு நாலு என்ற எண் ஊருக்குத் திரும்ப வந்தது.

அதற்குப் பிறகு நிறுத்துவதற்கு ஆளில்லை. நடக்க நடக்க அவர் முழங்கையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கூழாங்கற்கள் உதிர்ந்தன. உதிர்ந்தவை தரையில் நிற்காமல், வீடு தெரிந்த கன்றுக்குட்டிகள் மாதிரி, மேட்டைப் பார்த்து உருண்டு ஏறித் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஒன்பதாம் நாள் வெள்ளாடு கழுத்துக் கடிகாரத்தோடு இறங்கிப் போயிற்று. இருபதாம் நாள் காதுக்குப் பின்னால் ஊற்று வற்றியது, மலையில் சுனை ஒரு சாண் ஏறியது. வழியில் ஆள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்: சர்க்கரைக்காரர்கள், மூட்டுவலிக்காரிகள், சும்மா இருக்கப் பிடிக்காதவர்கள், பெஞ்சோடு போய்ப் பழகிவிட்ட டீக்கடை ஆட்கள். முப்பதாம் நாளில் நின்றுகொண்டு போக வேண்டிய கூட்டம். "உள்ள தள்ளிப் போங்க, வாசல்ல நிக்காதீங்க," என்று பாத்து கண்டக்டர் வேலை பார்த்தாள்.

முப்பத்தோராம் நாள் ஊத்தடி தாண்டியதும் ஆவுடையப்பன் திடீரென்று நின்றார். வாயைத் திறந்து போட்டார் ஒரு கூச்சல். பஸ் நிலையத்தில்கூட அப்படி அவர் சத்தம் போட்டதில்லை.

"குத்திட்டு! பிரமூ! முள்ளு குத்திட்டூ!"

டாக்டர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துப் பார்த்தார். தேய்ந்த செருப்பைத் துளைத்துக்கொண்டு, பெருவிரலில் ஒரு கருவேல முள். "வலிக்குதா ஐயா?" "உயிர் போகுது டாக்டர்!" என்று சொல்லி அவர் சிரித்தார், கண்ணீர் வழியச் சிரித்தார். டாக்டர் முள்ளை எடுத்து மருந்து வைத்தபோது கூட்டம் முழுக்கக் குலவை போட்டது. அந்த முள்ளை பிரமு குங்குமச் சிமிழில் வைத்திருக்கிறாள். கேட்டால் காட்டுவாள், தொடவிட மாட்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள் பிரமுவும் வீங்கின முழங்காலோடு கிளம்பிவிட்டாள். ஊரில் வீட்டுக்குக் காவல் இருக்க ஒருவரும் மிச்சமில்லை. திருடனும் வரிசையில் நடந்தான் என்று சொல்வார்கள். சுற்று முடிந்து தெற்கு ரத வீதியில் ஆவுடையப்பன் வந்து நின்றபோது அவர் உடம்பில் மலையிலிருந்து வந்த ஒரு மணல்கூட இல்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மலை எழுந்திருக்கும் முன்னாலேயே அவருக்குச் சொந்தமாக இருந்ததே ஒரு தொப்பை, அதுவும் சேர்ந்து உருண்டு போய்விட்டது. சர்வேக்காரர் திரும்ப அளந்தபோது மலை பழைய உயரத்தைவிடப் பதினோரு அடி கூடுதல். மேற்குச் சரிவில் உருண்டையாக, நடுவில் தொப்புள் மாதிரிக் குழியோடு ஒரு மேடு இப்போதும் இருக்கிறது. வேறெதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் நிலையத்துக்காரர்கள், பழையது உடைந்துபோனதே என்று, ஒரு புது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். குஷன் வைத்த நாற்காலி. நேர்த்தி முடிந்தாயிற்று. மண்டலம் நிறைந்தாயிற்று. இனிமேல் அவர் நடக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஆவுடையப்பன் நாற்காலியைப் பார்த்தார். ஊர் ஆவுடையப்பனைப் பார்த்தது. கூரைகளுக்கு மேலே மலையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கிழக்கு ஓரம் ஒரு முழம் எழும்பி, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

மைதீன் பாத்து காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு வண்டி உண்டா அண்ணாச்சி?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாளைக் காலை ஐந்து நாற்பது வண்டி..." என்று தொடங்கியவர் ஒரு நொடி நிறுத்தி, கைக்கடிகாரமில்லாத மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "வழக்கம் போல்," என்று முடித்தார்.

மலை, குளத்தில் எருமை படுப்பது போல, ஒரு பெருமூச்சோடு தன் குழியில் இறங்கி அமர்ந்தது. ஊரில் உள்ள அத்தனை பாத்திரங்களும் ஒரே ஒரு தடவை கணீரென்றன. அன்றைக்கு உட்கார்ந்த மலை பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எழுந்த ஆவுடையப்பன் பிறகு உட்காரவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால், சாப்பிடும்போது மட்டும் உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.